வளைந்த திரையா, இரட்டைத் திரையா?
கடைக் கணக்குக்கு மானிட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

நம் சங்க உறுப்பினர் ஒருவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். தகப்பனார் காலத்துக் கடை. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மகனையும் அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் அமரும் முன்பே பஞ்சாயத்தைத் தொடங்கிவிட்டார்.

"ஏனுங்க, நீங்களே நாயம் சொல்லுங்க. கணக்கு எழுதற கம்ப்யூட்டருக்கு 34 இஞ்சுல வளைஞ்ச மானிட்டர் வேணும்ங்கறான். முப்பத்தஞ்சாயிரம் ஆகுமாம். இது கணக்கு எழுதவா, இல்லை ராத்திரி உட்கார்ந்து விளையாடவா?"

மகன் திருச்செங்கோட்டுப் பக்கம் பொறியியல் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர். அமைதியாகச் சொன்னார்: "விளையாடவும்தான் கேட்கறேன், இல்லைன்னு சொல்லலைங்க. ஆனா போன வருசம் சீரகத்துல போன பதினெட்டாயிரத்தை அப்பா மறந்துட்டாருங்க."

தகப்பனார் பேசவில்லை. நாங்களும் அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. நான்கு கடைகளில் மானிட்டரைப் பார்த்து, விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு, அளந்து, கணக்குப் போட்ட பிறகே இதை எழுதுகிறோம். இதே கேள்வி நம் உறுப்பினர்கள் பலர் வீட்டிலும் எழுந்திருக்கும்.

பதினெட்டாயிரம் போன விதம்

குஜராத் ஊஞ்சாவிலிருந்து ரூ. 3,60,000-க்குச் சீரகம் வந்தது. 5 சதவீத வரி ரூ. 18,000. அனுப்பியவர் அந்த பில்லை வேறொருவர் ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றிவிட்டார். ஆகவே நம் உறுப்பினரின் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் அது வரவில்லை.

மாதந்தோறும் 14-ஆம் தேதி அந்தப் பட்டியல் வருகிறது. 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். இடையில் உள்ள ஆறு நாளில்தான் நம் கொள்முதல் பேரேட்டையும் 2பி பட்டியலையும் வரி வரியாக ஒப்பிட்டாக வேண்டும். கடையில் இருந்ததோ பழைய 19 அங்குல மானிட்டர். கணக்கர் பேரேட்டைத் திறப்பார், ஒரு தொகையைத் தாளில் குறிப்பார், அதை மூடி 2பி-யைத் திறப்பார், தேடுவார். அதே பார்ட்டியிடம் அந்த மாதம் ஐந்து பில்கள். தொகைகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு டிக் அடித்துவிட்டார்.

தவறு வெளிப்பட்டபோது அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 கடந்துவிட்டது. இன்புட் எடுப்பதற்கும், அனுப்பியவர் தம் பில்லைத் திருத்துவதற்கும் அதுவே கடைசிக் கெடு. எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. வட்டி தனி.

இப்போது கணக்கு மென்பொருள்களே 2பி-யை ஒப்பிட்டுத் தருகின்றன. உண்மைதான். ஆனால் 'பொருந்தவில்லை' என்று அது காட்டும் பில்லை எடுத்துப் பார்த்து, ஏன் என்று கண்டுபிடிப்பது மனிதன் வேலை. 2024 அக்டோபரிலிருந்து ஐ.எம்.எஸ். என்ற பக்கமும் சேர்ந்துவிட்டது. அதில் வந்த பில்லை ஏற்பதா, மறுப்பதா, நிறுத்தி வைப்பதா என்று சொல்லலாம். ஆக, கணக்கு மேசையில் இரண்டு மூன்று ஏடுகளை ஒரே நேரத்தில் விரித்து வைத்தாக வேண்டிய காலம் இது. முன்பு நம் பெரியவர்கள் பேரேட்டையும் சிட்டையையும் மேசையில் அக்கம்பக்கமாக விரித்து வைத்துத்தானே ஒத்துப் பார்த்தார்கள்? அதே இடம் திரையிலும் வேண்டும்.

எனவே மகன் சொன்ன குறை சரி. அவர் கேட்ட மருந்து சரியா என்பதுதான் கேள்வி.

அங்குலத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மானிட்டரின் அங்குலம் என்பது மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. அகலமும் அல்ல, உயரமும் அல்ல. எண்ணெய் டின்னின் உயரத்தை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. இதிலும் அப்படியே.

சாதாரண மானிட்டரில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16-க்கு 9. அகலத்திரையில் 21-க்கு 9. மிக அகலமான 49 அங்குலத்தில் 32-க்கு 9. நாங்கள் போட்ட கணக்கு இது:

24 அங்குலம் (உண்மையில் பெரும்பாலும் 23.8): அகலம் சுமார் 20¾, உயரம் 11¾ அங்குலம், பரப்பு சுமார் 242 சதுர அங்குலம்.
27 அங்குலம்: அகலம் 23½, உயரம் 13¼; பரப்பு சுமார் 311.
32 அங்குலம் (உண்மையில் பெரும்பாலும் 31½): அகலம் 27½, உயரம் 15½, பரப்பு சுமார் 424.
34 அங்குல அகலத்திரை: அகலம் 31⅓, உயரம் 13, பரப்பு சுமார் 412.

கவனியுங்கள். 34 அங்குல அகலத்திரை, 32 அங்குலச் சாதாரணத் திரையைவிடப் பரப்பில் குறைவு! உயரத்தில் அது 27 அங்குல மானிட்டருக்குச் சமம்தான். பக்கவாட்டில் மட்டும் நீண்டது. இரண்டு 24 அங்குல மானிட்டர்களைச் சேர்த்தால் 484 சதுர அங்குலம் கிடைக்கிறது. இது 34 அங்குலத்தைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். விலையிலோ, ஒரு நல்ல 34 அங்குல வளைதிரையின் பணத்தில் சாதாரண 24 அங்குலம் இரண்டு வாங்கியும் கையில் மிஞ்சுவதே பொதுவான நிலை.

புள்ளிக் கணக்கு

பரப்பு மட்டும் போதாது. எழுத்து தெளிவாகத் தெரிவது திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 24 அங்குலத்தில் வழக்கமாக 1920-க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். இரண்டுக்கும் சேர்த்து 41.5 லட்சம்.

34 அங்குலத்தில் இரண்டு ரகம் விற்கிறது. மலிவு ரகத்தில் 2560-க்கு 1080, சுமார் 27.6 லட்சம் புள்ளிகள்தான். உயர்ந்த ரகத்தில் 3440-க்கு 1440, சுமார் 49.5 லட்சம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அளவு, ஒரே வளைவு. மலிவு ரகத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு 82 புள்ளிகள்; சாதாரண 24 அங்குலத்தில் 92; உயர்ந்த ரகத்தில் 110. அதாவது 'சலுகை விலை' என்று தரும் 34 அங்குலத்தில் பில் எண்கள் 24 அங்குலத்தைவிடப் பிசிறடிக்கும். சன்ன ரகம் என்று சொல்லி மோட்டா அரிசியைத் தள்ளுவது நமக்குத் தெரியாததா? பெட்டியின் மேல் இந்த எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வளைவு எதற்காக?

திரை நமக்குப் புதிதல்ல. தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த அகன்ற திரையின் விகிதம்தான் ஏறத்தாழ இன்றைய 21-க்கு 9 மானிட்டரின் விகிதம். எல்.ஜி. நிறுவனம் 2012-ல் 29 அங்குலத்தில் இத்தகைய மானிட்டரையும், 2014-ல் 34 அங்குல வளைதிரையையும் கொண்டுவந்தது. 2017-ல் சாம்சங் 49 அங்குலம் வரை போய்விட்டது.

வளைவில் வெறும் அலங்காரம் மட்டும் இல்லை. கண்ணுக்கும் திரைக்கும் 70 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தட்டையான 34 அங்குலத் திரையில் நடுப்பகுதி 70 செ.மீ. தூரத்தில் இருந்தால், ஓரம் சுமார் 80 செ.மீ. தூரத்தில் இருக்கும். 49 அங்குலத்தில் ஓரம் 92 செ.மீ. போய்விடும். நடுவுக்கும் ஓரத்துக்கும் கண் மாறி மாறிக் குவிய வேண்டும். திரையை வளைத்தால் ஓரம் கண்ணுக்கு அருகே வருகிறது. 24 அங்குலத்திலோ இந்த வேறுபாடு 5 செ.மீ.கூட இல்லை. எனவே 24, 27 அங்குலத்தில் 'வளைவு' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் அது பெயருக்குத் தரும் விலையே.

பெட்டியில் 1800 ஆர், 1500 ஆர், 1000 ஆர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது வட்டத்தின் ஆரம், மில்லிமீட்டரில். 1800 என்றால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு அதிகம்.

ஆனால் வளைவு ஒருவருக்கு மட்டுமே, அதுவும் நேர் நடுவில் உட்காருபவருக்கு மட்டுமே உரியது. நம் கடையில் திரையைப் பார்ப்பவர் ஒருவரா? கணக்கர் உட்கார்ந்திருப்பார், முதலாளி பின்னால் நின்று பார்ப்பார், வாடிக்கையாளர் பக்கவாட்டிலிருந்து "பாக்கி எவ்வளவுங்க?" என்று எட்டிப் பார்ப்பார். இவர்களுக்கு வளைவால் பயன் இல்லை. ஒரு ஓரம் மறைவதுதான் மிச்சம். பல வளைதிரைகள் வி.ஏ. வகைப் பலகையில் செய்தவை. சாய்வாகப் பார்த்தால் நிறம் வெளுக்கும். பலர் பார்க்கும் இடத்துக்கு ஐ.பி.எஸ். வகையே நல்லது.

யாருக்கு எது பொருந்தும்?

பில் போடும் கவுண்டருக்கு 20 முதல் 22 அங்குலம் போதும். அங்கே வேலை ஒன்றே: சரக்கு, எடை, தொகை. கல்லாவின் பக்கத்தில் இடமும் அவ்வளவுதான் இருக்கும்.

கணக்கு மேசைக்கு 24 அங்குலம் இரண்டு. ஒன்றில் பேரேடு, மற்றதில் ஜி.எஸ்.டி. தளம். ஒன்று பழுதானாலும் மற்றதில் வேலை ஓடும். இந்த வசதி ஒற்றைப் பெரிய திரையில் கிடையாது. 20-ஆம் தேதி காலையில் திரை இருண்டால் அன்று தெரியும் அதன் அருமை. பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் பின்புறம் திரை இணைக்கும் துளைகள் இரண்டு இருக்கின்றன. தனி கார்டு இல்லாமலே இரண்டு திரை ஓடும். வாங்கும் முன் பின்புறத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அகலத்திரை பொருந்தும் இடங்களும் நம் வட்டாரத்தில் உண்டு. நாமக்கல், சங்ககிரி லாரி அலுவலகங்களில் ஒரு பக்கம் வண்டிகள் ஓடும் வரைபடமும், மறுபக்கம் டிரிப் பட்டியலும் நாள் முழுதும் திறந்திருக்கின்றன. இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுபவருக்கு முந்தானை முதல் உடல் வரை நடுவே கோடு விழாமல் ஒரே நீளத்தில் தெரிவது பயன்தான். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கும் அப்படியே. இரண்டு மானிட்டர் வைத்தால் நடுவில் சட்டம் குறுக்கிடும். அந்த இடையூறு உங்கள் தொழிலுக்குக் குறையா என்பதே கேள்வி. மளிகைக் கணக்குக்கு அது குறையே அல்ல. பேரேடும் 2பி-யும் வேறு வேறு ஏடுகள்.

விளையாட்டுக்கு வேண்டுமென்றால்

பிள்ளைகள் கேட்பதில் தவறில்லை. தெரிந்து வாங்கட்டும். விளையாட்டுக்குத் திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது முக்கியம். 144 என்றால் நல்லது. கணக்குக்கு 60 போதும். 3440-க்கு 1440 திரையில் புள்ளிகள் சாதாரண 24 அங்குலத்தைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு. அத்தனையையும் ஓட்ட வலுவான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மானிட்டருக்கு மேல் அதன் செலவு காத்திருக்கும். பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகள் 16-க்கு 9 கணக்கில் செய்தவை. அகலத்திரையில் இணைத்தால் இருபுறமும் கறுப்புப் பட்டைதான்.

ஓலெட் வகைத் திரை விளையாட்டுக்கு அழகு. ஆனால் ஒரே பில் பக்கம் பகல் முழுதும் அசையாமல் நிற்கும் இடத்தில் அந்தப் படம் திரையில் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும். கடைக்கு அது வேண்டாம்.

வரியும் பில்லும்

32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீத வரி இருந்தது. 32 வரை 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 சதவீதமே. வரி நீங்கலாக ரூ. 30,000 விலையுள்ள 34 அங்குல மானிட்டர் அன்று ரூ. 38,400, இன்று ரூ. 35,400. பழைய வரியைச் சொல்லி யாரும் விலை பேசினால் ஏமாற வேண்டாம்.

கடைப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்ட பில் கேட்டு வாங்கினால், முறையாகப் பதிவு செய்தவர் அந்த வரியை இன்புட்டாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர் எடுக்க முடியாது. வரியுள்ள சரக்கும் வரிவிலக்குள்ள சரக்கும் சேர்த்து விற்பவர் முழுவதும் எடுக்க முடியாது, விகிதப்படிதான். இதை ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யவும். கடைப் பேரில் வாங்கி வீட்டு அறையில் விளையாட வைத்தால் அந்த வரிக்கு இன்புட் இல்லை. சொந்தப் பயனுக்கு வாங்கியது சொந்தப் பயனே.

வாங்கும்போது கவனிக்க

1. பி.ஐ.எஸ். பதிவு எண் பார்க்கவும். ஆங்கில 'ஆர்' எழுத்துக்குப் பின் எட்டு இலக்கங்கள் இருக்கும்.

2. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பலகைக்கும் சேர்த்தா, ஆள் கடைக்கே வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை எழுதி வாங்கவும்.

3. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லவும். முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டையும் போட்டு, இறந்த புள்ளி உண்டா என்று பார்க்கவும். ஓரிரு புள்ளிகள் இறந்திருந்தால் பல நிறுவனங்கள் அதைக் குறையாக ஏற்பதில்லை.

4. உங்கள் கணக்கு மென்பொருளையே திறந்து, நீங்களே தள்ளி உட்கார்ந்து எண்களைப் படித்துப் பார்க்கவும். வண்ண வண்ண மீன் ஓடும் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்.

5. பழைய கம்ப்யூட்டரில் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால் உயர்ந்த ரக அகலத்திரையை முழுப் புள்ளிகளில் ஓட்ட முடியாது.

6. பளபளக்கும் திரை வேண்டாம். டியூப் லைட் அதில் முகம் பார்க்கும். மிளகாய், மஞ்சள் தூசு படியும் இடத்திலிருந்து தள்ளி வைத்து, மூடி போட்டு வைக்கவும். எர்த் இணைப்பும் யு.பி.எஸ்.ஸும் அவசியம்.

7. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். பேரேட்டின் மேல் வைத்து உயரம் கூட்டாமல், உயரம் மாற்றக்கூடிய தாங்கி உள்ளதைக் கேட்கவும்.

8. வளைதிரையை டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னால் கட்டிக்கொண்டு வர வேண்டாம். உடைந்த பலகைக்கு உத்தரவாதம் கிடையாது.

என்ன ஆயிற்று?

இந்தக் கணக்கை எல்லாம் அப்பா, மகன் இருவரிடமும் சொன்னோம். மகன் அளவுக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு 24-ஏ வாங்கிக்கலாங்க" என்றார். தகப்பனார் முதலில் "ஒண்ணு போதாதா?" என்று இழுத்தார், பதினெட்டாயிரம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, சம்மதித்துவிட்டார். பழைய 19 அங்குலம் பில் கவுண்டருக்குப் போயிற்று.

இரண்டாவது மாதமே பலன் தெரிந்தது. குண்டூர் மிளகாய் பில் ஒன்று, ரூ. 1,29,000, வரி ரூ. 6,450. இடதுபுறத் திரையில் பேரேட்டில் இருந்தது. வலதுபுறம் 2பி-யில் இல்லை. அன்றே குண்டூருக்குப் போன் செய்து, விட்டுப்போன பில்லை ஏற்றச் சொல்லி, அடுத்த மாதப் பட்டியலில் வரச் செய்துவிட்டார்கள்.

வளைதிரை என்னவாயிற்று என்று மகனைக் கேட்டோம். "சம்பளத்துல சேர்த்து வச்சு வீட்டுக்கு வாங்கிக்கறேனுங்க. அப்பா அதுக்கு ஒண்ணும் சொல்லலை" என்றார்.

அதுதான் சரி. விலை அதிகம் என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டாம்; புதிது என்பதற்காக எதையும் வாங்கவும் வேண்டாம். வேலை என்ன, அதற்கு எவ்வளவு இடம், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சரக்கு எடுக்கும்போது மாதிரி பார்த்து, எடை பார்த்து, விலை பேசும் நாம், திரை வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா?